கரவனுக்கு எடை குறைந்த முன்பந்தல்: எதைத் தெரிவு செய்வது?

கேள்வி: கல்லடிக் கரையோரம்

வணக்கம். நாங்கள் மட்டக்களப்பு கல்லடியில் இருக்கிறோம். சென்ற வருடம் ஒற்றை அச்சு ட்ரெயிலர் ஒன்றின் மேல், இருவர் படுக்கவும் ஓர் அடுப்பு வைக்கவும் இடமுள்ள சிறிய கரவன் ஒன்றைக் கல்முனைப் பக்கத்துப் பட்டறையில் செய்வித்தோம். நீளம் 11 அடி. பொக்ஸ் இரும்புச் சட்டத்தின் மேல் அலுமினியத் தகடு அடித்தது. கதவு இடது பக்கத்தின் நடுவில் இருக்கிறது. ஆடி அமாவாசைக்குத் திருக்கோவில், கதிர்காமப் பாதயாத்திரைக் காலத்தில் உகந்தை, பாடசாலை விடுமுறையில் பாசிக்குடா என்று வருடத்தில் நாலைந்து தடவை அப்பாவையும் அம்மாவையும் அதில் கூட்டிக்கொண்டு போகிறோம். இருவரும் எழுபதைத் தாண்டியவர்கள்.

பகல் பத்து மணிக்குப் பிறகு உள்ளே இருக்க முடியாத வெக்கை. கதவுக்கு முன்னால் இரண்டு கதிரை போட்டு அவர்களை இருத்த ஒரு நிழல் வேண்டும். இதுவரை நீலத் தறப்பாள் ஒன்றைக் கூரை விளிம்பில் கட்டி, முன்பக்கத்தை இரண்டு கம்புகளில் நிறுத்திச் சமாளித்தோம். காற்றுக்கு அது இரவு முழுவதும் படபடவென்று அடித்ததில் அம்மாவுக்கு நித்திரை இல்லாமற் போனது. ஒரு மழைக்கு நடுவில் குளம் கட்டி, விடியும்போது ஒரு கம்பு வளைந்து கிடந்தது.

இங்கிலாந்தில் இருக்கும் என் மைத்துனர், கரவன்களுக்கென்றே செய்த முன்பந்தல் ஒன்றைக் கப்பல் பெட்டியில் அனுப்புவதாகச் சொல்லி மூன்று வகைகளைக் காட்டியிருக்கிறார். மூன்றும் 2.6 மீற்றர் அகலம். ஒன்று, கம்புகளுக்குப் பதிலாகக் காற்றடிக்கும் குழாய்கள் கொண்டது, பையோடு 19 கிலோ. மற்றது பைபர் கம்புகள் கொண்டது, 12 கிலோ. மூன்றாவது பக்கச் சுவர்களே இல்லாத நிழற்கூரை மட்டும், 6 கிலோ. எனக்கு முதுகில் சத்திரசிகிச்சை செய்திருப்பதால், கட்டுவதும் கழற்றுவதும் பெரும்பாலும் என் மனைவியின் கையில்தான் விழும். ஆகவே எடையே எங்களுக்கு முதற் கவலை. அப்பாவோ 1978 நவம்பர் சூறாவளியில் வீட்டுக் கூரை பறந்ததைக் கண்ணால் கண்டவர். இலேசான எதையும் நம்பமாட்டேன் என்கிறார். அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

பதில்: ஆரையம்பதியிலிருந்து ஒருவர்

வணக்கம் தம்பி. நான் பதினாறு வருடங்கள் இங்கிலாந்தில் இருந்து, அங்கே கரவனில் பிள்ளைகளோடு ஊர் சுற்றிவிட்டு இங்கே திரும்பியவன். மூன்று வகைகளையும் என் கையால் கட்டியிருக்கிறேன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை மனதில் வையுங்கள். அந்த நாட்டு முன்பந்தல் குளிருக்கும் சாரலுக்கும் பிறந்த பொருள். மூன்று பக்கமும் சுவர், பெரிய பிளாஸ்டிக் கண்ணாடி யன்னல்கள், கரவனின் அடியில் காற்றுப் புகாதிருக்க ஒரு பாவாடைத் துணி, சில்லை மூட இன்னொரு துணி என்று எல்லாமே சூட்டை உள்ளே பிடித்து வைப்பதற்காகச் செய்யப்பட்டவை. துணியின் நிறமும் அனேகமாகக் கடுஞ்சாம்பல். அதை ஜூலை மாதம் கச்சான் காற்று அடிக்கும் வேளையில் திருக்கோவிலில் விரித்தால், பெற்றோரை நிழலில் இருத்தியதாக இருக்காது, அடுப்புக்குள் இருத்தியதாக இருக்கும். நமக்கு வேண்டியது மேலே நிழலும் பக்கங்களில் காற்றோட்டமும் மாலையில் நுளம்புக்கு ஒரு வலையும் மட்டுமே. அப்படிப் பார்த்தால் 19 கிலோவிலும் 12 கிலோவிலும் ஏறத்தாழப் பாதி, நாம் சுருட்டிக் கட்டிவைக்கப் போகும் சுவர்களுக்கான எடை.

காற்றடிக்கும் வகையைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் மைத்துனர் அன்போடு அதைத்தான் முதலில் வைத்திருப்பார். கட்டுவதற்கு அது இலகு என்பது உண்மை: துணியின் விளிம்பைத் தவாளிப்பில் (கரவனின் கூரை விளிம்போடு பொருத்தியிருக்கும், நீளப் பள்ளமுள்ள அலுமினியச் சட்டம்) இழுத்துவிட்டு, நிலத்தில் நின்றபடி கைப் பம்பால் அடித்தால் பத்து நிமிடத்தில் தானாக எழுந்து நிற்கும். ஆனால் அதன் எடை முழுவதும் ஒரே துண்டு. கம்புப் பந்தல் என்றால் துணியை ஒருவரும் கம்புகளை ஒருவருமாகப் பிரித்துச் சுமக்கலாம். இதைப் பிரிக்க முடியாது. தவாளிப்பில் இழுக்கும் நேரம் அந்த 19 கிலோவில் பெரும்பகுதி உங்கள் மனைவியின் தோளுக்கு மேல் நிற்கும். பையில் எழுதியிருக்கும் எடையை விட, தலைக்கு மேல் ஒரே தடவையில் எவ்வளவு தூக்க வேண்டும் என்பதைக் கேளுங்கள். உங்கள் வீட்டுக்கு அதுவே முக்கியம்.

அதற்கு மேல் வெயில் இருக்கிறது. காலையில் 25 பாகைக் குளிர்ச்சியில் 9 பீ.எஸ்.ஐ. அமுக்கத்துக்கு அடித்த குழாய், நண்பகலில் உள்ளே 45 பாகைக்குச் சூடேறும்போது 10½ஐத் தாண்டிவிடும். ஆகவே வெயில் ஏற ஏறக் கொஞ்சம் காற்றைத் திறந்து விட வேண்டும். இரவில் குளிர்ந்து தொய்ந்தால் மறுபடியும் அடிக்க வேண்டும். அங்கே கோடையில் ஓரிரு நாள் செய்யும் வேலையை இங்கே நாள்தோறும் செய்ய நேரும். குழாயின் உள்ளே இருக்கும் பையில் ஓட்டை விழுந்தால், அதற்குரிய பசையும் மாற்றுப் பையும் நமது ஊர்க் கடைகளில் கிடைப்பதில்லை.

கம்புகளில் இரும்பு பலமானது, ஆனால் பாரம். உப்புக் காற்றுக்கு ஒரு பருவத்திலேயே மூட்டுகள் துருப்பிடித்து இறுகிவிடும். அலுமினியம் இலேசு, துருவும் இல்லை, ஆனால் ஒரு முறை வளைந்தால் நேராகாது. பைபர் கம்பு காற்றுக்கு வளைந்து கொடுத்து நிமிரும். வெடித்தால் மட்டும் வெறுங்கையால் தொடாதீர்கள், அதன் நார்கள் தோலில் ஏறினால் இரண்டு நாளைக்கு உறுத்தும். நிழற்கூரைக்கு முன்பக்கம் இரண்டு அலுமினியக் கம்புகளும், கூரை தொய்யாமல் கரவனிலிருந்து முன்விளிம்பு வரை தாங்கும் இரண்டு பைபர் வளைகளும் போதும்.

துணியில் பொலியெஸ்டரையே கேளுங்கள். நைலோன் நனைந்தால் நீளும், வெயிலுக்கும் விரைவில் நைந்துபோகும். டெனியர் என்று ஓர் எண் போட்டிருப்பார்கள். 9000 மீற்றர் நூல் எத்தனை கிராம் என்பதே அது. 150க்குக் கீழே போனால் கிழியும். 600க்குப் போனால் எடை ஏறும். நிழற்கூரைக்கு 200 முதல் 300 வரை நல்லது. மழை தாங்கும் அளவை, துணி ஒழுகாமல் தாங்கும் நீர்த்தூணின் உயரமாக, மில்லிமீற்றரில் சொல்வார்கள். 3000 என்றால் நமது மாரி மழைக்கும் துணியின் வழியாக ஒழுகாது. ஒழுகினால் தையலால்தான் ஒழுகும்.

உங்கள் தறப்பாளில் குளம் கட்டியது சரிவு இல்லாத குற்றம். ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை விழுந்தால் அது ஒரு கிலோ. 2.6க்கு 2.4 மீற்றர் கூரையில் 10 மில்லிமீற்றர் மழை தேங்கினால் 62 கிலோ. எந்தக் கம்பு தாங்கும்? முன்விளிம்பைக் கரவன் பக்கத்தை விட ஒரு முழம் தாழ்த்துங்கள். மழை வரும் இரவில் ஒரு மூலையை மற்றதை விடத் தாழ்த்தி விட்டால் நீர் அவ்வழியே ஓடிவிடும்.

இன்னொன்று: உங்கள் கரவனில் தவாளிப்பு இருக்கிறதா, அது நிலத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதை அளந்து எழுதுங்கள். அங்கே விற்கும் சுவருள்ள முன்பந்தல்கள் அனேகமாக 235 முதல் 250 சென்ரிமீற்றர் உயரத்துக்கு வெட்டப்பட்டவை. அதற்குக் குறைந்தால் சுவர்த்துணி நிலத்தில் சுருண்டு கிடக்கும்.

கல்லடிக் கரையோரம்

மிக்க நன்றி ஐயா. சுவர்கள் குளிருக்கானவை என்பது எனக்குத் தோன்றவே இல்லை. இன்று அளந்தேன்: கூரை விளிம்பு நிலத்திலிருந்து 218 சென்ரிமீற்றர். தவாளிப்பு எதுவும் இல்லை. தறப்பாளைக் கொக்கிகளில்தான் கட்டினோம். ஆகவே மைத்துனர் காட்டியவற்றில் முதல் இரண்டும் எங்களுக்குப் பொருந்தாதவை என்று தெரிகிறது. அப்படியானால் நிழற்கூரையை அங்கிருந்து எடுப்பிக்காமல் இங்கேயே தைப்பிக்க முடியாதா என்று மனைவி கேட்கிறார்.

பதில்: மருதமுனைத் தையல்

தாராளமாக முடியும் சகோதரரே. ஓட்டோக்களுக்கும் வான்களுக்கும் கூடும் குஷனும் தைப்பதே எங்கள் தொழில். படகுகளுக்கு நிழற்கூரையும் தைத்திருக்கிறோம். ஆனால் எங்களைப் போன்றவர்களிடம் வந்து கேட்டால், கையில் இருக்கும் லொறித் தறப்பாளையோ றெக்ஸினையோதான் முதலில் எடுத்துப் போடுவார்கள்; அதை ஏற்காதீர்கள். லொறிக்குப் போடும் பூச்சுத் துணி சதுர மீற்றருக்கு 650 கிராம் அளவில் நிற்கும். உங்கள் கூரைக்கு அதுவே 4 கிலோவைத் தாண்டும். உட்பக்கம் பூச்சுள்ள பொலியெஸ்டர்த் துணி 200 கிராம் அளவிலும் கிடைக்கிறது; அதில் தைத்தால் துணி ஒன்றேகால் கிலோ, மடிப்பும் பட்டியும் சேர்த்தாலும் இரண்டு கிலோவைத் தொடாது. மேற்பக்கம் வெள்ளி அல்லது வெளிர் நிறமாக இருக்கட்டும்.

நூலும் பொலியெஸ்டராக இருக்க வேண்டும். பருத்தி நூல் உப்பு ஈரத்தில் உக்கி, துணி நல்லபடி இருக்கும்போதே தையல் பிரியும். தையலை நீர் ஓடும் திசைக்கு நீளமாக, கூரை ஓடு ஒன்றின் மேல் ஒன்று படிவதைப் போல மேல்துணி கீழ்த்துணியின் மேல் வரும்படி இரட்டை மடிப்பாகப் போட வேண்டும். குறுக்கே போட்ட தையலில் நீர் தங்கி ஊசித் துளை வழியே சொட்டும். கம்பு குத்தும் நான்கு மூலைகளிலும் அதே துணியை மூன்று மடிப்பாக வைத்து, சீற் பெல்ட் பட்டியைக் குறுக்காகத் தைத்த பிறகே வளையம் அடிக்க வேண்டும். கிழிவு எப்போதும் மூலையில்தான் தொடங்கும். ஒற்றைத் துணியில் வளையம் அடித்துக் கொடுப்பதை நான் வேலை என்று சொல்லமாட்டேன்.

தவாளிப்பில் நுழையும் விளிம்புக்கு ஒரு நுணுக்கம் உண்டு. கரவன் தவாளிப்புகள் 6 மில்லிமீற்றர் தடிப்புள்ள விளிம்புக்கானவை. 6 மில்லிமீற்றர் கயிற்றை வைத்துத் தைத்தால், சுற்றிய துணியின் தடிப்பும் சேர்ந்து உள்ளே போகாது. 5 மில்லிமீற்றர் நைலோன் கயிற்றை வைத்து, தையலைக் கயிற்றோடு ஒட்டிப் போட வேண்டும். முதலில் ஒரு முழத் துண்டு தைத்துத் தவாளிப்பில் ஓட்டிப் பார்த்துவிட்டு மிச்சத்தைத் தைப்பது நல்லது. வீட்டில் மெழுகுதிரியைத் தவாளிப்பின் உட்புறத்தில் தேய்த்துவிட்டால், உங்கள் மனைவி ஒரு கையால் இழுத்து முடிப்பார்.

பதில்: பொத்துவில் – உல்லை

வணக்கம். எனக்குத் துணியைப் பற்றித் தெரியாது. காற்றையும் மணலையும் பற்றித் தெரியும். சென்ற ஓகஸ்டில் எங்கள் வானின் பக்கத்தில் இப்படி ஒரு நிழற்கூரையைக் கட்டி, வாங்கியபோது வந்த கம்பி முளைகளையே மணலில் அடித்திருந்தோம். காலையில் ஓர் இலையும் அசையவில்லை. பிற்பகல் இரண்டு மணிக்குக் கடற்காற்று எழுந்ததும் முளைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தேங்காய்த் துருவலில் குத்திய ஈர்க்கு மாதிரிக் கழன்றன. கூரை கம்போடு சேர்ந்து வானுக்கு மேலால் புரண்டு மறுபக்கம் விழுந்தது. கம்பின் நுனி பக்கக் கண்ணாடியை உடைத்துவிட்டது. ஒரு நிமிடத்துக்கு முன்புதான் மகள் அந்தக் கம்பின் அடியில் இருந்து எழுந்து போயிருந்தாள். அதை நினைத்தால் இன்றும் உடம்பு நடுங்குகிறது.

ஆகவே உங்கள் அப்பாவின் பயத்தைத் தள்ளிவிடாதீர்கள். ஆனால் பாரமான பந்தல் அந்தப் பயத்துக்கு மருந்தல்ல. காற்றின் வேகம் இரட்டித்தால் அதன் தள்ளுதல் நான்கு மடங்காகும். மணிக்கு 20 கிலோமீற்றர் காற்று ஒரு சதுர மீற்றரை 2 கிலோ பாரம் போலத் தள்ளும்; 40 ஆனால் 8 கிலோ; 60 ஆனால் 17 கிலோ. 2 மீற்றர் உயரமும் 2.6 மீற்றர் அகலமும் உள்ள மூடிய முன்சுவர் மேல் 40 கிலோமீற்றர் காற்று மோதினால், ஒரு சீமெந்துப் பையை விடச் சற்றுக் குறைந்த பாரம் ஓயாமல் அதில் சாய்ந்திருப்பதற்குச் சமம். பந்தல் 6 கிலோவா 19 கிலோவா என்பது அதற்கு முன்னால் பெரிய விடயம் இல்லை. நங்கூரம் எதில் பிடித்திருக்கிறது என்பதே விடயம்.

மணலுக்கு முளை உதவாது. வெற்று உரப்பைகளை நான்காகக் கொண்டு போங்கள். அவற்றுக்கு எடையே இல்லை. அங்கே மணலை நிரப்பி, வாயைக் கட்டி, பையின் இடுப்பில் கயிற்றை முடிந்து, இரண்டடி ஆழத்தில் படுக்க வைத்துப் புதைத்து, மேலே நீர் ஊற்றி மிதியுங்கள். கயிற்றைச் செங்குத்தாக இறக்காமல் கம்பிலிருந்து ஒன்றரை மீற்றர் தள்ளிச் சாய்த்துக் கட்டுங்கள். குழி தோண்டுவது உங்கள் முதுகுக்கு ஆகாத வேலை. அதற்கு மட்டும் பக்கத்தில் உள்ள பொடியன்களைக் கூப்பிடுங்கள், ஒருவரும் மறுக்கமாட்டார்கள்.

இனி, கரவனை எந்தப் பக்கம் திருப்பி நிறுத்துவது என்பது. கடற்காற்றுக்கு மறைவாகக் கரவனின் முதுகைக் கடலுக்குக் காட்டி, கதவு நிலப்பக்கம் இருக்கும்படி நிறுத்துவதே காற்றுக்கு நல்லது. ஆனால் நமது கரையில் கடல் கிழக்கு. அப்போது கதவு மேற்கைப் பார்க்கும். நாலு மணிக்குச் சூரியன் ஏறத்தாழ 35 பாகை உயரத்தில் நிற்கும். பந்தலின் முன்விளிம்பு இரண்டு மீற்றர் என்றால் வெயில் அடியால் மூன்று மீற்றர் வரை உள்ளே வரும். உங்கள் பந்தலின் ஆழமோ 2.4 மீற்றர். அப்பாவின் முகத்தில் நேரே அடிக்கும். அதற்காகத்தான் ஆட்கள் முன்சுவரைத் துணியால் மூடுகிறார்கள், காற்றும் அதைத்தான் பிடித்து இழுக்கிறது. துணிக்குப் பதிலாக நாற்றுமேடைக்குப் போடும் 50 வீத நிழல் வலையை முன்விளிம்பில் தொங்க விடுங்கள். வெயிலில் பாதியைத் தடுக்கும், காற்றைப் போக விடும், ஒரு கிலோவும் வராது.

உகந்தைக்குப் போகும்போது ஒன்றை மறக்க வேண்டாம். பாணமைக்கு அப்பால் யானை நடமாடும் இடம். பந்தல் வீடு அல்ல. வாழைப்பழம், உப்பு, அரிசி எதையும் இரவில் அதற்குள் வைக்காதீர்கள், கழுவாத பாத்திரத்தையும் வைக்காதீர்கள்.

கல்லடிக் கரையோரம்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. மைத்துனரிடம் பந்தல் வேண்டாம் என்றும், 3 மீற்றர் அலுமினியத் தவாளிப்பும் இரண்டு பைபர் வளைகளும் மட்டும் அனுப்பும்படியும் சொல்லிவிட்டேன். துணியை இங்கேயே தைப்பிக்கிறோம். அப்பாவிடம் உரப்பை நங்கூரத்தைப் பற்றி வாசித்துக் காட்டினேன். தோணியை அப்படித்தான் கட்டுவார்கள் என்று ஒப்புக்கொண்டார். தவாளிப்பை எப்படிப் பொருத்துவது என்பது மட்டும் மிச்சம். பட்டறைக்காரர் இரும்புத் திருகாணி அடித்தால் போதும் என்கிறார்.

ஆரையம்பதியிலிருந்து ஒருவர்

இரும்புத் திருகாணி வேண்டாம் தம்பி. அலுமினியமும் இரும்பும் உப்பு ஈரத்தில் ஒன்றையொன்று தொட்டால் அலுமினியம் வெள்ளைத் தூளாக அரிக்கும். ஆணியைச் சுற்றித் துளை பெருத்துத் தவாளிப்பு ஆடத் தொடங்கும். அலுமினிய றிவெட் பாவியுங்கள், 15 சென்ரிமீற்றருக்கு ஒன்று. எல்லாம் உள்ளே இருக்கும் பொக்ஸ் இரும்புச் சட்டத்தில் பிடிக்க வேண்டும், வெறும் தகட்டில் பிடித்தால் முதற் காற்றுக்கே பிய்யும். சட்டத்தில் போட்ட ஒவ்வொரு துளைக்கும் துரு எதிர்ப்புப் பெயின்ற் தொட்டு வையுங்கள். தவாளிப்பின் முதுகில் முழு நீளத்துக்கும் சிலிக்கன் ஓட்டிய பிறகே வைத்து அழுத்துங்கள்; ஓரங்களில் பிதுங்கி வருவதைத் துடைத்தாலும் மேல் விளிம்பில் மட்டும் ஒரு கோடு இருக்கட்டும், மழைநீர் அங்கிருந்துதான் இறங்கும். கதவைத் திறந்து, அதன் மேல் மூலை பந்தல் துணியில் உரசாத உயரத்தை முதலில் பென்சிலால் குறித்துக்கொண்டு, அதற்கு நான்கு விரல் மேலே தவாளிப்பை வையுங்கள்.